மெதுவா மாமு வாங்கிய ஸ்பீக்கர்

எங்கள் யார்டில் அவருடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. கேட்டில் நிற்கும் வாட்ச்மேன் முதல் மேனேஜர் வரை எல்லோருக்கும் அவர் மெதுவா மாமு. வாயைத் திறந்தால் முதலில் வருவது அந்த வார்த்தைதான். கதவைச் சாத்தினால் "மெதுவா நைனா." நாற்காலியை இழுத்தால் "மெதுவா." டீ கிளாஸை மேஜையில் வைக்கும்போதுகூட வைக்கிறவன் கையைப் பார்த்தபடி "மெதுவா" என்பார்.

ஏதோ லைப்ரரியில் வேலை பார்த்த கதை என்று நினைத்துவிடாதீர்கள். திருவொற்றியூரில் கண்டெய்னர் யார்டு. ஒரு பெட்டி மேல் இன்னொரு பெட்டியை இறக்கினால் எதிர் டீக்கடையில் பாட்டிலுக்குள் இருக்கும் பிஸ்கட் ஆடும். வெளியே எக்ஸ்பிரஸ் ரோட்டில் எண்ணூர் போகிற டிரெய்லர்கள் விடியவிடிய ஹாரன் அடித்துக்கொண்டு நிற்கும். அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு மெதுவா என்று சொல்கிறவரை என்னவென்று சொல்வது? நாங்கள் சிரித்தோம். நான்தான் அதிகம் சிரித்தேன். எனக்கு வாயும் அதிகம், சத்தமும் அதிகம். வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் மூன்றாவது மாடியிலிருந்து தெருவில் நிற்கும் ஆட்டோக்காரரிடம் பேசிப் பழகிய தொண்டை இது.

அவருக்கு கேட்டில் வேலை. உள்ளே வரும் டிரெய்லர் நம்பர், பெட்டி நம்பர் இரண்டையும் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். மற்ற ஆட்கள் ஜன்னலில் தலையை நீட்டிக் கத்துவார்கள். இவர் எழுந்து, வெயிலில் நடந்து, வண்டியின் படியில் ஏறி நின்று டிரைவர் பக்கத்தில் போய்க் கேட்பார். "இன்னா மாமு, காதுல ரகசியம் சொல்ல வந்துகினியா?" என்று டிரைவர்கள் கிண்டல் செய்வார்கள். சிரித்துக்கொண்டே நம்பரை எழுதிக்கொண்டு இறங்குவார்.

இன்னொரு பழக்கமும் இருந்தது. யார் தப்பு செய்தாலும் மன்னிப்பு கேட்கிறவர் அவராக இருப்பார். ஒருமுறை அவர் பைக்கில் பின்னால் உட்கார்ந்து டோல்கேட் வழியாகப் போய்க்கொண்டிருந்தேன். முன்னால் ஒருத்தர் போனில் பேசிக்கொண்டு நடுரோட்டில் சாவகாசமாகப் போகிறார். ஹாரன் அடி மாமு என்றேன். "வோணாம் நைனா. பாவம், திடுக்குனு ஆவும். அவராவே பாப்பாரு." அவர் எங்கே பார்ப்பது. எனக்குப் பொறுமை போய், பின்னாலிருந்து கையை நீட்டி நானே ஹாரனை அழுத்தினேன். அந்த ஆள் துள்ளி விழாத குறை. திரும்பி வாயில் வந்ததைத் திட்டினார். இவர் வண்டியை ஓரங்கட்டி, காலை ஊன்றி, "தப்புதாண்ணே, மன்னிச்சுக்கோங்க" என்றார். நான்தான் அடித்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்குத்தான் வழி முழுக்க முதுகு கூசிக்கொண்டே வந்தது.

அவர் கிடார் வாசிப்பார் என்பது எங்களுக்குத் தெரியவே தெரியாது. எனக்குக் கிடார் பைத்தியம். வாசிப்பது சுமார்தான், ஆனால் அது சம்பந்தப்பட்ட சாமான்களை வாங்குவதில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. "நீ வாசிக்கிறதுக்கு வாங்குறியா, வாங்குறதுக்கு வாசிக்கிறியா?" என்று என் மனைவி கேட்காத மாதம் இல்லை. ஒரு ஆயுத பூஜைக்கு யார்டில் வாசிக்கக் கிடாரை எடுத்துப் போயிருந்தேன். ஆரம்பிக்கும்போதே ஒரு கம்பி அறுந்துவிட்டது. பின்னாலிருந்து ஒரு கை வந்து கிடாரை வாங்கிக்கொண்டது. புதுக் கம்பியை மாட்டி, காதருகே வைத்துச் சுருதி சேர்த்து, ஒயரைச் சொருகாமலே ஒரு சின்ன வாசிப்பு. பக்கத்தில் இருந்த எனக்கு மட்டும் கேட்டது. நான் வருஷக்கணக்காக முயற்சி செய்தும் என் விரலுக்கு வராத ஒரு இழுப்பு அதில் இருந்தது.

"மாமு, நீ வாசிப்பியா?" என்றேன்.

"வாசிப்பேன். யாருக்கும் கேக்காம வாசிப்பேன்" என்று சொல்லிவிட்டுக் கிடாரைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

சும்மா விடுகிற ஆளா நான். அடுத்த வாரமே அவர் வீட்டுக்குப் போய் நின்றேன். எக்ஸ்பிரஸ் ரோட்டுக்கும் கடலுக்கும் நடுவே ஒரு குப்பம். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டிய சந்து. அவர் குடும்பமே கடலுக்குப் போகிற குடும்பம். இவர் ஒருத்தர்தான் படித்துவிட்டு யார்டு வேலைக்கு வந்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, ஒண்டிக்கட்டை. பழைய லுங்கியில் சுற்றி வைத்திருந்த கிடாரை எடுத்துக் காட்டினார். எலக்ட்ரிக் கிடார். கட்டைக் கிடார் என்றாலாவது அதன் வயிறு சத்தம் கொடுக்கும். இதற்கு ஆம்ப் என்கிற பெட்டி வேண்டும், ஸ்பீக்கர் வேண்டும். சுற்றிமுற்றிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

"ஸ்பீக்கர் எங்க கீது?"

"இல்ல."

"அப்போ எப்படி மாமு கேக்குது உனக்கு?"

கிடாரின் விளிம்பில் தாடையை அழுத்தி வைத்துக்கொண்டு வாசித்துக் காட்டினார். அப்படி வைத்தால் எலும்பு வழியாகக் காதுக்கு வருமாம். கண்ணை மூடிக்கொண்டு, கழுத்தை ஒடித்துக்கொண்டு அவர் வாசிப்பதைப் பார்த்து நான் விழுந்து விழுந்து சிரித்தேன். இப்போது அதை நினைத்தால் என்னையே இரண்டு அறை அறையலாம் போலிருக்கிறது.

அப்போது எதிர் வீட்டிலிருந்து டீ எடுத்துக்கொண்டு ஓர் அம்மா வந்தார். அவருடைய அண்ணி. அண்ணன் கடலில் இறந்துபோய்விட்டார் என்று மட்டும் யார்டில் கேள்விப்பட்டிருந்தேன். அண்ணி டீயைக் கையில் கொடுத்துவிட்டு என்னிடம் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"நீதான் ஸ்பீக்கர் எல்லாம் தெரிஞ்ச புள்ளயா? இவருக்கு ஒண்ணு பாத்து வாங்கிக் குடுப்பா. தையில என் பொண்ணுக்குக் கல்யாணம். ஆர்க்கெஸ்ட்ரா வெக்கப்போறதில்ல. அவ சித்தப்பன் வாசிக்கணும், நான் கேக்கணும். அவ்ளோதான் எனக்கு."

இவர் தலையைக் குனிந்துகொண்டு கிடாரின் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தார். சந்தில் வலை உதறிக்கொண்டிருந்த ஒருத்தர் நிமிர்ந்து பார்த்தார். அண்ணியின் தம்பி, அந்த வீட்டிலேயே இருப்பவர், இவருக்கு மச்சான் முறை. "அந்தச் சத்தம் இந்தச் சந்துல வரக் கூடாது. வந்துச்சு, நான் மனுசனா இருக்க மாட்டேன்" என்றார். கத்தவில்லை. வலையைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அண்ணி காலி கிளாஸுகளை எடுத்துக்கொண்டார்.

என்ன மாமு பேஜாரு இது என்று கேட்டேன். அவர் என்னைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனார். அங்கே மணல் ஏது, கடல் அரிக்காமல் இருக்க லாரி லாரியாகக் கொட்டிய கருங்கல்தான். அதில் ஒன்றில் உட்கார்ந்து, வழக்கம்போல மெல்லச் சொன்னார்.

அந்தக் குப்பத்தில் ஊர்க் கட்டுப்பாடு ஒன்று உண்டு. கடலுக்குப் போன படகு சொன்ன நேரத்துக்குத் திரும்பவில்லை என்றால் ஊர் மொத்தமும் சத்தத்தை நிறுத்திவிடும். டிவி, பாட்டு, மிக்ஸி எதுவும் ஓடாது. பிள்ளைகள் சண்டைகூடப் போடக் கூடாது. பெண்கள் கரையில் நின்று காதைக் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். அவரவர் வீட்டுப் படகின் இஞ்சின் சத்தம் அவரவருக்குத் தெரியும். இஞ்சின் நின்றுபோயிருந்தால் ஆள் கூப்பிடுகிற சத்தமாவது வரும். அதைப் பிடித்துக்கொண்டுதான் வேறு படகு தேடப் போகும். கல்யாண வீடாக இருந்தாலும் அந்த நேரத்தில் மேளத்தை இறக்கி வைத்துவிட வேண்டும்.

இன்னொரு கட்டு, அம்மன் திருவிழா நாளில் யாரும் கடலுக்குப் போகக் கூடாது. அந்த வருஷம் இவருடைய அண்ணன் போனார். முதல் நாள் போட்ட வலை கடலில் கிடந்தது. எடுக்காவிட்டால் நாசமாகிவிடும். மச்சானையும் கூட்டிக்கொண்டு, ஊருக்குத் தெரியாமல் மத்தியானம் சின்ன ஃபைபர் படகில் கிளம்பினார். பொழுது சாய்வதற்குள் வந்துவிடுவதாகக் கணக்கு.

"எங்கிட்ட மட்டும் சொல்லிட்டுப் போச்சு நைனா. அண்ணிகிட்ட சொல்லாத, பஞ்சாயத்துக்குத் தெரிஞ்சா அபராதம் போடுவாங்கோன்னு. நானும் சரின்னுட்டேன். அப்போ ஒரு ஆர்க்கெஸ்ட்ரால வாசிச்சிக்கினு இருந்தேன். எனக்கு அன்னிக்கு மேடை ஞாபகம்தான். மொத மொதலா எங்க குப்பத்துல, எங்க ஜனங்க முன்னாடி வாசிக்கப்போறேன். விளக்கு வெக்கிற நேரத்துல ஏறிட்டோம். அம்மன் பாட்டுல ஆரம்பிச்சோம். ஸ்பீக்கர் எல்லாம் கடலப் பாத்து கட்டி வெச்சிருந்தாங்க. எனக்கு என் கிடார் பத்தல. சவுண்டு மிக்ஸர்ல ஒக்காந்திருந்த ஆளப் பாத்து கையக் காட்டினேன், ஏத்துன்னு. ஏத்துனாரு. இன்னும் ஏத்துன்னேன்."

கடலைப் பார்க்கத் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

"நடுவுல ஞாபகம் வந்துச்சு. அண்ணன் வந்திருக்குமான்னு. வந்திருக்கும்னு நெனச்சிக்கினேன். கீழ எறங்கி ஒரு வார்த்த சொல்லியிருந்தா ஊரே நிறுத்தியிருக்கும். சொல்லல."

படகு கரைக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டிருந்தது. இஞ்சின் காற்றாடியில் வலை சுற்றிக்கொண்டு நின்றுபோய், அலை அதைக் கவிழ்த்துவிட்டது. மச்சான் நீந்தி வந்து கல்லைப் பிடித்துக்கொண்டார். அண்ணனை மறுநாள் காலையில்தான் கரைக்குக் கொண்டுவந்தார்கள். "ரெண்டு பேரும் கத்துனோம், கத்துனோம். உங்க பாட்டு சத்தத்துல யாருக்கும் கேக்கல" என்று மச்சான் ஊர் முன்னால் சொன்னார். படகு போனது எனக்குத் தெரியும் என்று இவரும் அப்போதே அண்ணியின் காலடியில் உட்கார்ந்து சொல்லிவிட்டார். அண்ணி ரொம்ப நாள் இவரோடு பேசவில்லை. பிறகு ஒருநாள் தானாகவே சோறு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாராம். மச்சான் மட்டும் இன்றுவரை முகம் பார்த்துப் பேசுவதில்லை.

"ஆம்ப்ப வித்துட்டேன். கிடார விக்க மனசு வரல. அதுவும் தப்புதான்" என்றார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "உட்டுத் தள்ளு மாமு. நீ இன்னா வேணும்னா பண்ண?" என்றேன். அவ்வளவு சுலபமாகச் சொன்னேன். சொல்லிவிட்டு அடுத்த மூச்சில், என்ன ஸ்பீக்கர் வாங்கலாம் என்று ஆரம்பித்துவிட்டேன். அண்ணியே வாசிக்கச் சொல்லும்போது இவர் ஏன் கழுத்தை ஒடித்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதுதான் என் நியாயம். பெரிய நல்லது செய்யப் போகிறவன் மாதிரி எனக்கு உற்சாகம் வேறு.

போனஸ் வந்த வாரம் ரிச்சி தெருவுக்குப் போனோம். கிடாருக்கென்று இருக்கும் ஆம்ப் வேண்டாம் என்று நான் முன்பே முடிவு செய்திருந்தேன். விலை குறைவான ஆம்ப் மெல்ல வைத்தால் தகர டப்பா மாதிரி இருக்கும், நன்றாகக் கேட்க வேண்டுமென்றால் சந்து அதிரும். அவருக்குத் தேவை மேஜையில் வைக்கிற சின்ன மானிட்டர் ஸ்பீக்கர் ஒரு ஜோடி. பாட்டுக் கேட்கிற ஸ்பீக்கர் எதையும் கொஞ்சம் அழகாக்கித்தான் காட்டும். மானிட்டர் விரல் செய்த தப்பை அப்படியே சொல்லும், பழகுகிறவனுக்கு அதுதான் வேண்டும். கூடவே ஒரு சின்ன மிக்ஸர். ஒரு வழியில் கிடார், இன்னொரு வழியில் போனிலிருந்து தாளம், இரண்டையும் தேவைக்குக் கூட்டிக் குறைத்து வாசிக்கலாம். ஆர்க்கெஸ்ட்ரா காலத்து எஃபெக்ட்ஸ் பெடல் ஒன்று அவரிடம் இருந்தது, அது போதும்.

கடைப் பையன் எங்களைப் பார்த்ததும் பெரிய ஜோடியைக் காட்டி, "சார், இது மண்டபமே அதிரும்" என்றான்.

"தம்பி, இது எவ்ளோ கம்மியா வாசிக்கும்?" என்று கேட்டார் இவர்.

பையனுக்குப் புரியவில்லை. இத்தனை வருஷத்தில் அவனிடம் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டார்கள். நான் புகுந்து, பத்துக்குப் பத்து அறை, சுவரை ஒட்டி மேஜை என்று விளக்கினேன். பின்பக்கம் காற்று போகிற ஓட்டை இருக்கிற ஸ்பீக்கரைச் சுவரோரம் வைத்தால் அடித்தொண்டைச் சத்தம் வீங்கிக் குழம்பும். முன்பக்கம் ஓட்டை உள்ளதாகக் காட்டு என்றேன். நான்கு இஞ்சில் இரண்டு மூன்று ஜோடி எடுத்து வைத்தான். பாட்டுப் போட்டுக் காட்டினான். இவர் பாட்டை நிறுத்தச் சொன்னார். ஒயர் மாட்டியபடியே, சத்தம் எதுவும் இல்லாமல், ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் காதை வைத்துக் கேட்டார். இந்த மாதிரிச் சின்ன மானிட்டரில் சும்மா இருக்கும்போதே ஒரு இரைச்சல் உண்டு, குக்கர் ஆவி விடுகிற மாதிரி. நான் அதையெல்லாம் கண்டுகொள்வதில்லை. இவர் விடவில்லை.

"ஸ்பீக்கர்னா சொம்மா இருக்கறப்ப சொம்மா இருக்கணும் நைனா" என்றார்.

கடையே சிரித்தது. ஆனால் இரைச்சல் குறைவான ஜோடியைத்தான் எடுத்தோம். விலையிலும் அதுதான் குறைவு என்பதால் நான் பேசாமல் இருந்துவிட்டேன்.

மிக்ஸர் விஷயத்தில்தான் அவர் என்னைப் படுத்தி எடுத்துவிட்டார். எனக்குப் பிடித்ததில் எட்டு வழி, விளக்கு, எதிரொலி எல்லாம் இருந்தது. உனக்கு எதற்கு எட்டு, நான்கு போதும் என்று நானே இறங்கி வந்தேன். கிடாரை நேராகச் சொருகுகிற வசதி ஒரு வழியிலாவது இருக்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன். அவர் கேட்டது வேறு. "ஒரு தட்டுல எல்லாத்தையும் மூடுற பட்டன் கீதா?" இருந்தது. "யாராவது வந்தா டக்குனு மூடிறலாம்ல?" மூடலாம். "ஹெட்போன் தனியா போடலாமா, ஸ்பீக்கர் மூடியிருந்தாலும்?" போடலாம். அந்தப் பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒலியைக் கூட்டுகிற குமிழை மட்டும் அவர் கை தொடவில்லை. பையன் பிடித்துத் திருப்பச் சொன்னபோது என்னைப் பார்த்தார். நான்தான் திருப்பினேன்.

அவர் வீட்டில் எல்லாவற்றையும் நானே பொருத்தினேன். ஜன்னலுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஸ்பீக்கர், உட்கார்ந்தால் காது மட்டத்துக்கு வருகிற மாதிரி, அடியில் பழைய மெத்தையிலிருந்து வெட்டிய ஸ்பாஞ்சு. மேஜைக்கு அதிர்வு போகாது. முதலில் மிக்ஸர், கடைசியில் ஸ்பீக்கர் என்று ஸ்விட்ச் போடுகிற வரிசையைச் சொல்லிக் கொடுத்தேன். மாற்றிப் போட்டால் டப்பென்று அடிக்கும் என்றதும் முகமே வெளுத்துவிட்டது. அதற்குப் பிறகு நான் எப்போது கேட்டாலும் பதில் ஒன்றுதான். "வாசிச்சிக்கினுதான் கீறேன் நைனா. ஹெட்போன்ல." ஒருநாள் திடீரென்று போய்ப் பார்த்தால் இரண்டு ஸ்பீக்கர் மேலும் துண்டு போர்த்தி வைத்திருந்தார். மச்சான் சந்தில் போகும்போதும் வரும்போதும் ஜன்னல் பக்கம் பார்த்துவிட்டுப் போவதாகச் சொன்னார். "அவன் கேட்ட சத்தம் அது. அவனுக்கு எப்படி இருக்கும், சொல்லு" என்றார். அப்போதும் அவருக்கு மச்சான் கவலைதான்.

தை மாதம் கல்யாணம் நடந்தது. இவர் வாசித்தாராம், மண்டபத்தில் பாதிப் பேர் அழுதார்களாம். எனக்குச் சொன்னார்கள். பத்திரிகை வைக்க அண்ணியே வியாசர்பாடி வரை வந்து, என் மனைவிக்குக் குங்குமம் கொடுத்து அழைத்துவிட்டுப் போனார். நான் போகவில்லை. யார்டில் டபுள் டியூட்டி என்று பொய் சொன்னேன். அடுத்த வருஷம் காட்டுப்பள்ளிப் பக்கம் வேறு யார்டுக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டேன். இத்தனை வருஷமாகியும், எக்ஸ்பிரஸ் ரோட்டில் அந்தக் குப்பத்தைத் தாண்டும்போது வண்டியை வேகமாக ஓட்டிக்கொண்டு போகிறேன். அந்த அம்மா எதிரில் வந்து, "நல்லா கீறியாப்பா?" என்று கேட்டால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு பதில் சொல்வது?

எல்லாம் அந்த ஞாயிற்றுக்கிழமையால் வந்தது. கல்யாணத்துக்குச் சில வாரங்கள் இருக்கும்போது, மத்தியானம் சாப்பிட்ட கையோடு அவர் வீட்டுக்குப் போனேன். அண்ணி எதிர் வாசலில் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தார். நான் உள்ளே போய் ஸ்பீக்கர் மேலிருந்த துண்டுகளை உருவிப் போட்டேன்.

"போதும் மாமு. கல்யாண மண்டபத்துல வர்றவங்க எல்லாருக்கும் ஹெட்போன் குடுப்பியா?"

எதிர் வாசலில் அண்ணி சிரித்தார். "அப்படிக் கேளுப்பா. வாசி தம்பி, நான்தான் சொல்றேன்ல."

அவர் என்னைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். கிடாரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மிக்ஸர், பிறகு ஸ்பீக்கர் என்று நான் சொன்ன வரிசைப்படியே போட்டார். குமிழை இரண்டு விரலால் பிடித்து, வலிக்குமோ என்று தொடுகிற மாதிரி ஒரு துளி திருப்பினார். திருவிழா அன்று வாசித்த அம்மன் பாட்டைத்தான் எடுத்தார். ஸ்பீக்கரைவிடக் கம்பியின் சத்தம்தான் எனக்கு அதிகம் கேட்டது.

"வாசிக்கிறியா தம்பி? ஒண்ணும் கேக்கலியே" என்றார் அண்ணி. இவர் இன்னும் ஒரு துளி திருப்பினார். அண்ணியின் கை நின்றது. மீன் தட்டை ஓரமாக வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

அப்போது சந்து முனையிலிருந்து மச்சான் வேகமாக வந்தார். நான் எழுந்து மேஜைக்கு முன்னால் நின்றேன். ஸ்பீக்கரை உடைக்கப் போகிறார் என்றே நினைத்தேன். அவர் உள்ளே வந்து கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு, இவர் காலடியில் தரையில் உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது.

"நிறுத்தாத மச்சான். நிறுத்துனா என்னால சொல்ல முடியாது" என்றார்.

இவர் விரல் நிற்கவில்லை.

"அன்னிக்கு நான் கத்தவே இல்ல. நான் சொன்னது பொய். படகு கவுந்து மாமா கால் வலையில மாட்டிக்கிச்சு. என்னைப் புடிச்சிக்கினாரு. அலை மூஞ்சில அடிச்சி கண்ணத் தொறக்க முடியல, இருட்டுல கரை எந்தப் பக்கம்னே தெரியல. அப்போ உன் கிடார் கேட்டுச்சு. அந்தப் பக்கம்தான் கரைன்னு தெரிஞ்சிச்சு. மாமா கைய எடுத்து உட்டுட்டு, அந்தச் சத்தத்தப் புடிச்சிக்கினே நீந்தி வந்துட்டேன். என் பேரச் சொல்லிக் கூப்புட்டாரு மச்சான். யாருக்கும் கேக்கலன்னு சொன்னேனே, எனக்குக் கேட்டுச்சு. நல்லா கேட்டுச்சு."

 சொல்வதற்கு வெட்கமாக இருக்கிறது, எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. தீர்ந்தது, இத்தனை வருஷப் பாரம் மாமு தலையிலிருந்து இறங்கிவிட்டது என்று நினைத்தேன். அவர் முகத்தில் அது தெரிகிறதா என்று பார்த்தேன். ஒரு இடத்தில் விரல் தவறியது. மறுபடி பிடித்துக்கொண்டார். குனிந்து மச்சான் காதருகே சொன்னார்.

"மெதுவா மச்சான். அண்ணிக்குக் கேக்கப்போவுது."

மச்சானால் முடியவில்லை. இத்தனை வருஷம் அடக்கி வைத்தது, வாயைக் கையால் பொத்தியும் பெரிதாக வெளியே வந்தது.

"யாரு தம்பி அது? அழுவுற மாதிரி கீது?" என்று அண்ணி எழுந்திருக்கும் சத்தம் கேட்டது.

நான் அப்படியே நின்றேன். மாமு வலது கையைக் கம்பியிலிருந்து எடுத்தார். மிக்ஸரின் குமிழைப் பிடித்து முக்கால்வாசிக்குத் திருப்பினார். கையைத் திரும்பக் கம்பியில் வைத்து அடித்தார். ஜன்னல் கதவு அதிர்ந்தது. அந்த அறையில் மச்சான் வாய் திறந்து அழுவது தெரிந்தது, கேட்கவில்லை.

எதிர் வாசலில் அண்ணி மறுபடி உட்கார்ந்துகொண்டார். "இப்பதான் தம்பி நல்லா கேக்குது. இப்படியே வாசி" என்றார்.

மச்சான் அழுது முடிக்கும் வரை அவர் சத்தத்தைக் குறைக்கவில்லை.